பதினைந்தாவது ரீல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மீனாள் டாக்கீஸின் ஆபரேட்டர் அறையில், வட்டமான ஒரு தகர டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார் துப்பறியும் நெல்லைநாயகம்.

"ஊசிப்போச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான் மூக்காண்டி.

"பேசாம இரும் வே."

மூக்காண்டியால் பேசாமல் இருக்க முடியாது. பதினோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளைக் கேலி செய்தே வேலையை இழந்தவன். நாற்பது வயதில் நெல்லைநாயகத்திடம் உதவியாளனாகச் சேர்ந்தான். அவனுடைய வாயைச் சகித்துக்கொள்ளும் ஒரே மனிதர் அவர்தான்.

பக்கத்தில் நின்ற டாக்கீஸ் முதலாளி வீரபாண்டி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஊர் நிறைய வெளியூர்க் கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பி, 'இரங்கற்பா ஏகாம்பரம்' என்ற புதுப் படத்தை மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் காட்சி. மொத்தம் பதினைந்து ரீல். பதினாலு ஒழுங்காக ஓடின. பதினைந்தாவது டப்பாவைத் திறந்தால் உள்ளே படச்சுருள் இல்லை. வெறும் காகிதம்.

"ஜனங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார் நெல்லைநாயகம்.

"பாதிப் பேரு படம் அவ்வளவுதான்னு நினைச்சு எழுந்து போயிட்டாங்க. மீதிப் பேரு பெஞ்சை ஒடைச்சாங்க."

"போனவங்கதான் விமர்சகருங்க" என்றான் மூக்காண்டி.

போலீஸ் வந்து ஆபரேட்டர் ஆறுமுகச்சாமியை அழைத்துப் போயிருந்தது. பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது, ஆகவே திருடியவன் அவன். சப்-இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். வீரபாண்டியின் கவலை வேறு. ஞாயிறு மத்தியானக் காட்சி முடிந்ததும் படத்தின் கதாசிரியருக்குப் பாராட்டு விழா. தென்காசியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அவர்களிடம் முடிவில்லாத படத்தைக் காட்ட முடியாது.

கதாசிரியர் உள்ளூர்க்காரர். பெயர் சங்கரராமன். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துவதும், பணக்கார வீட்டுச் சாவுகளுக்குச் சரமகவி என்ற இரங்கற்பா எழுதிக் கொடுப்பதும் அவருடைய தொழில். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறார். ஒருவரும் படித்ததில்லை. அதற்காக ஊர் முழுவதையும் முட்டாள் என்று தீர்மானித்து வைத்திருந்தார். ஊரும் அவரை மதிக்கவில்லை, சினிமாவில் பெயர் வரும்வரை.

நெல்லைநாயகம் டப்பாவுக்குள் இருந்த காகிதத்தை வெளியே எடுத்தார். நீளநீளமான தாள்களைச் சேர்த்து முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. ஒரு தாளின் ஓரத்தை விரித்துப் படித்தார். யாரோ ஒரு மிராசுதார் காலமானதற்கான சரமகவி. ஓரமெல்லாம் சிவப்பு மையில் திருத்தம்.

"அச்சகத்துப் புரூப்" என்றார்.

வீரபாண்டியின் முகம் சுருங்கியது. "சங்கரராமன் பிள்ளையா? சொந்தப் படத்தை அவரே திருடுவாரா?"

"பெட்டி ரயிலடியிலேர்ந்து நேரா இங்கன வந்துச்சா?"

வீரபாண்டி தயங்கினார். பிறகு சொன்னார். நேராக வரவில்லை. உள்ளூர்க்காரர் எழுதிய படம் என்பதால், நாதஸ்வரத்தோடு பெட்டியை ஊர்வலமாக அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கேற்றிக் குங்குமம் வைத்த பிறகுதான் கொட்டகைக்கு எடுத்து வந்தார்கள். கதாசிரியர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஊர்வலக்காரர்கள் தெருவில் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஒரு மணி நேரம் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தது. தாமதமாகிவிட்டதால் ரீல்களைச் சரிபார்க்க ஆறுமுகச்சாமிக்கு நேரம் கிடைக்கவில்லை.

"இதை நீங்க சப்-இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லலையா?"

"அவரும் அங்கனதான் கலர் குடிச்சிக்கிட்டிருந்தாரு, அண்ணாச்சி."

கொட்டகை வாசலில் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். ஆறுமுகச்சாமியின் மனைவி பேச்சித்தாய். அவள் அழவில்லை.

"ஸ்டேஷன்ல சோறு குடுக்க விடமாட்டேங்காங்க" என்றாள். "அவரு இந்தப் படத்தைப் பத்தி என்ன சொன்னாரு தெரியுமா? ரொம்ப வருஷத்துக்குப் பெறவு ஒரு நல்ல படம் ஓட்டுதேன்னு சொன்னாரு. அவரு எடுத்திருப்பாரா, சொல்லுங்க."

"சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்திருவாரு" என்றார் நெல்லைநாயகம்.

தெருவில் இறங்கியதும் மூக்காண்டி கேட்டான்: "எதை வச்சு அப்படிச் சொன்னீங்க?"

"ஒண்ணையும் வச்சு இல்லை. நேத்து நீரு படம் பார்த்தீருல்ல, கதையைச் சொல்லும்."

மூக்காண்டி உற்சாகமாகச் சொன்னான். ஏகாம்பரம் ஒரு எழுத்தாளன். யாரும் சீந்தாதவன். சரமகவி எழுதி வயிறு வளர்க்கிறான். ஊரில் இன்னும் சாகாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சரமகவி எழுதிப் பெட்டியில் அடுக்குகிறான். ஒருநாள் ஒரு ஜமீன்தார் தன்னுடைய சரமகவியைத் தானே படித்துவிடுகிறார். வெட்டப்போகிறார் என்று பார்த்தால், 'நம்ம தர்மகுணத்தைப் பத்தி இன்னும் ரெண்டு வரி சேர்க்கலாமே' என்கிறார். அதற்கப்புறம் ஊரே வரிசையில் நிற்கிறது.

"ஆனா கொட்டகை குலுங்கினது வேற எடத்துல. ஏகாம்பரம் பெரிய காப்பி ரசிகன். ஒரு வாய் குடிச்சிட்டு, 'சிக்மகளூர் பீபெரிக் கொட்டை, இந்த ஊர்க் கழுதைகளுக்கு இந்த வாசனை தெரியுமா' அப்படிங்கான். அடுத்த காட்சியில அவன் சம்சாரம் அடுக்களையில ஈச்சங்கொட்டையையும் மல்லியையும் வறுத்து இடிக்கா. பத்து வருஷமா அதுதான் அவனுக்குக் காப்பி."

சங்கரராமன் வீட்டு முன்னறையில் புத்தகங்களும் தூசியும் சம அளவில் இருந்தன. நாற்காலியில் ஒடிசலான ஒரு மனிதர். வந்தவர்களை உட்காரச் சொல்லாமலே பேச ஆரம்பித்தார்.

"ரீல் திருட்டுப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். பாக்கி பதினாலையும் கொண்டுபோயிருந்தா அந்தத் திருடனை ரசிகன்னு சொல்லலாம்."

"உங்க படம்தானே சார் அது?"

"என் கதை. படம் அந்தக் கம்பெனி மடையனுங்களோடது. அறுநூறு பக்கம் எழுதினேன். சேர நாட்டுக் கடைசி வீரன் ஒருத்தன் வடக்கிருந்து சாகிற சோக காவியம். அதுக்கு அந்தத் தயாரிப்பாளன் கடிதாசி போடுதான், 'தங்கள் கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தோம்'னு. ஒரு வீரன் பட்டினி கிடந்து சாகிறதைப் படிச்சுச் சிரிக்கிற பயலுகள்ட்ட என்ன பேச? கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். என் வீரனுக்கு ஏகாம்பரம்னு பேரு வச்சிருக்கானாம். போஸ்டரைக்கூட நான் ஏறிட்டுப் பார்க்கலை. நாளைக்கு முன்வரிசையில உட்கார வைக்கப் போறாங்க. எல்லாம் என் தலையெழுத்து."

மூக்காண்டி வாயைத் திறந்தான். நெல்லைநாயகம் அவன் காலை மிதித்தார்.

"உங்க காவியத்துல வீரனோட மனைவி பாத்திரம் எப்படி, சார்?"

"பெண் பாத்திரமே கிடையாது. எதுக்கு?"

அப்போது உள்ளிருந்து ஒரு பெண் மூன்று தம்ளர்களோடு வந்தாள். சங்கரராமனின் மனைவி பகவதி. முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையின் நடுவிரலில் மைக்கறை. தம்ளர்களை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

சங்கரராமன் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"பீபெரி. சிக்மகளூர் சரக்கு. இந்த ஊர்ல ஒரு பயலுக்கு இந்த மணம் தெரியாது."

மூக்காண்டிக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டான். நெல்லைநாயகம் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மல்லி வாசனை தூக்கலாக இருந்தது. ஈச்சங்கொட்டை சற்றுக் கருகியிருந்தது. சந்தேகமே இல்லை.

இந்த மனிதர் அந்தக் கதையை எழுதியிருக்க முடியாது. அதில் இருந்த ரகசியம் அவருக்கே தெரியாது.

"உங்க கையெழுத்துப் பிரதியெல்லாம் யாரு நகல் எடுக்குதா, சார்?"

"அவதான். பன்னிரண்டு வருஷமா. எழுத்து முத்து முத்தா இருக்கும். அர்த்தம் ஒண்ணும் புரியாது, பாவம்."

கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, நெல்லைநாயகம் பின்கட்டுக்குப் போனார். பகவதி கிணற்றடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்த காகித வளையத்தை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். மூக்காண்டியும் பின்னாலேயே வந்து நின்றான்.

"ஒரு ஆம்பிளை டப்பாவுக்குள்ள காகிதத்தை வைக்கணும்னா கசக்கித் திணிப்பான்" என்றார் நெல்லைநாயகம். "இதை முறுக்கி, சுத்தி, நுனியைச் செருகியிருக்கு. குடத்துக்குக் கீழே தலையில வைக்கிற சும்மாடு இது. அவசரத்துல கை தன் பழக்கத்தைக் காட்டிருச்சு."

பகவதி குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காப்பியைப் பத்தியும் தெரியாது. கதையைப் பத்தியும் தெரியாது."

அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பேசினாள்.

"அவுக காவியத்தை நகல் எடுத்து முடிச்சு உறையில போடும்போது, நான் எழுதினதையும் சேர்த்துப் போட்டேன். எம் பேரு போட்டா யாரு படிக்கப்போறாங்க? அவுக பேரையே போட்டேன். மூணு மாசம் மத்தியானத்துல உக்காந்து எழுதினது அண்ணாச்சி. கோவத்துல எழுதினேன். எழுத எழுதச் சிரிப்பும் வந்துச்சு."

"அப்புறம் ஏன் ரீலை எடுத்தீங்க?"

"கடைசியில ஏகாம்பரம் செத்துப்போறான். ஊர்ல எல்லாருக்கும் சரமகவி எழுதினவனுக்கு எழுத ஆளில்லை. அவன் சம்சாரம் எழுதி வாசிக்கா. பாட்டுப் புஸ்தகத்துல பார்த்தேன், அதை மாத்தாம அப்படியே எடுத்திருக்காங்க. எம் புருசன் செத்த மாதிரி நானே எழுதிட்டேன். அவுக பக்கத்துல தாலியோட உக்காந்து அதை எப்படிப் பார்ப்பேன்? அதுவும் ஊரு முழுக்கச் சிரிக்கும்போது?"

மூக்காண்டி குனிந்து, அவள் கீழே வைத்த குடத்தைத் தானே கழுவ ஆரம்பித்தான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"ஆபரேட்டர் ஆறுமுகச்சாமியை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. திங்கட்கிழமை கோர்ட்" என்றார் நெல்லைநாயகம்.

பகவதி நிமிர்ந்தாள். "யாரை? எதுக்கு?"

"ரீல் அவன் பொறுப்புல இருந்துச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொல்லுதா?" அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அரிசிப்பானையைக் கவிழ்த்து, துணியில் சுற்றிய படச்சுருளை எடுத்து வந்தாள். அரிசி சில மணிகள் அதிலிருந்து உதிர்ந்தன.

"எரிக்கத்தான் எடுத்தேன். அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். மனசு வரலை. நான் எழுதினதுல வெளியில வந்தது இது ஒண்ணுதான்."

"நல்ல காலம், ஆச்சி" என்றான் மூக்காண்டி. "இந்தப் படச்சுருள் வெடிமருந்து மாதிரி. அடுப்புல போட்டிருந்தா, வீட்டோட போயிருப்பீங்க."

நெல்லைநாயகம் சுருளை வாங்கிக்கொள்ளவில்லை. "இதைக் குடுத்தா நாளைக்கு ஓட்டுவாங்க. உங்க வீட்டுக்காரர் முன்வரிசையில இருப்பாரு. யோசிச்சுக்கிடுங்க."

"அதுல யோசிக்க என்ன இருக்கு? ஒருத்தன் ஜெயிலுக்குப் போறதா, நான் வெக்கப்படுறதா?" அவள் சுருளை அவர் கையில் வைத்தாள். "ஓட்டச் சொல்லுங்க."

கம்பெனியில் பெட்டி அடுக்கும்போதே டப்பா மாறிவிட்டது, ரீல் பெட்டியின் அடித்துணிக்குக் கீழே கிடந்தது என்று நெல்லைநாயகம் சப்-இன்ஸ்பெக்டரிடம் கூசாமல் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் கூசாமல் நம்பினார். அவருக்கு எழுதவேண்டிய வேலை மிச்சம். மூன்று மணிக்கு ஆறுமுகச்சாமி வெளியே வந்தான். பேச்சித்தாய் அவனை ஸ்டேஷன் எதிரிலிருந்த வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தூக்குச்சட்டியைத் திறந்து சோறு போட்டாள்.

மறுநாள் மத்தியானக் காட்சிக்கு ஆறுமுகச்சாமியே படம் ஓட்டினான். தகரக் கொட்டகை அனலாகக் கொதித்தது. முன்வரிசை நடுநாற்காலியில் மாலையோடு சங்கரராமன். இரு பக்கமும் தென்காசிப் பெரிய மனிதர்கள். பகவதி பெண்கள் பக்கத்தில் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். நெல்லைநாயகமும் மூக்காண்டியும் சுவரோரம் நின்று படத்தைப் பார்க்கவில்லை, சங்கரராமனின் முகத்தைப் பார்த்தார்கள்.

முதல் ரீலில் அந்த முகத்தில் இகழ்ச்சி இருந்தது. இரண்டாவது ரீலில் ஏகாம்பரம் வாயைத் திறந்து ஊரைத் திட்ட ஆரம்பித்தான். சங்கரராமன் வீட்டில் திட்டுகிற அதே வார்த்தைகள். இகழ்ச்சி நின்றுபோனது. காப்பிக் காட்சியில் கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்துப் பெரிய மனிதர் சங்கரராமனின் தொடையில் தட்டிச் சிரித்தார். சங்கரராமன் மெல்லத் தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். இருட்டில் யார் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பதினைந்தாவது ரீல் வந்தது. ஏகாம்பரத்தைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். அவனிடம் முன்கூட்டியே சரமகவி வாங்கிய பெரிய மனிதர்களெல்லாம் வாசலில் நின்று, இவன் போய்விட்டால் தங்கள் கவிதைக்கு அடுத்த திருத்தம் யார் போடுவது என்று சண்டை போட்டார்கள். அப்போது மனைவி ஒரு தாளோடு வந்து நின்று வாசித்தாள்.

ஊரெல்லாம் மூடரென் றோதினான், தன்வீட்டில்
யாரிருந்தார் என்றே அறியாமல் போய்விட்டான்;
சேராத சொல்லெல்லாம் சேர்த்தவன், பக்கத்தில்
ஓராளைக் கண்டதில்லை காண்.

சங்கரராமனின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் தட்டுவதை நெல்லைநாயகம் கவனித்தார். வெண்பா இலக்கணம் சரியா என்று சீர் சீராக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். கடைசிச் சீருக்கு விரல் நின்றது.

"தளை தட்டலை" என்று முணுமுணுத்தார்.

விளக்கு எரிந்தது. வீரபாண்டி அவரை மேடைக்கு அழைத்துப்போய் இன்னொரு மாலை போட்டார். கைதட்டல் ஓயவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. சங்கரராமன் மைக் முன்னால் நின்றார். ஊரைத் திட்டுவதற்காக ஒரு வாரமாகத் தயாரித்திருந்த பேச்சு அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"இந்தக் கதையை நான் எழுதலை" என்றார்.

கொட்டகை கை தட்டியது. "என்ன அடக்கம் பாருங்க" என்றார் தென்காசிப் பெரிய மனிதர்.

"உண்மையாத்தான் சொல்லுதேன். எனக்கு இப்படி எழுத வராது. எழுதினது என் வீட்டுக்காரி. பகவதி."

படத்தின் எந்தக் காட்சிக்கும் வராத ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. வீரபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதே பெஞ்சில் இருந்த ஒருத்தி பகவதியின் தோளில் இடித்து, "கேட்டியா, நீதான் எழுதினியாம்" என்றாள்.

"நாம சாட்சி சொல்லுவோமா அண்ணாச்சி?" என்றான் மூக்காண்டி. அவன் சிரிக்கவில்லை.

நெல்லைநாயகம் ஓரடி முன்னால் போய்க் குரலை உயர்த்தினார். "அவரு சொல்லுதது நிஜம். நான் துப்பறிஞ்ச விஷயம் அது."

சிரிப்பு இரட்டிப்பாயிற்று. விழாவில் இப்படி ஒரு நகைச்சுவை நாடகமும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் வீரபாண்டியைப் பாராட்டினார்கள்.

பகவதி எழுந்து நின்றாள். முன்வரிசைப் பெரிய மனிதர்களை, பெஞ்சுகளை, பக்கத்தில் இடித்தவளை, ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளும் இருந்த பயமும் வெட்கமும் போய்விட்டிருந்தன. காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் புருஷன் எதைக் கண்டு குமுறினார் என்று அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். பிறகு பெண்கள் வாசல் வழியாக வெளியே நடந்தாள்.

சங்கரராமன் மேடையை விட்டு இறங்கினார். மாலைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் அவள் பின்னால் போனார். நெல்லைநாயகமும் மூக்காண்டியும் வாசல்வரை வந்து நின்றார்கள்.

நாலு மணி வெயில் தெருவில் இறங்கியிருந்தது. அவள் போஸ்டர் ஒட்டிய சுவரோரம் நின்றிருந்தாள். அவர் கிட்டே போய் நின்றார். திட்டுவாரா, அழுவாரா என்று மூக்காண்டி காதைத் தீட்டிக்கொண்டான்.

"மூணாவது அடி" என்றார் சங்கரராமன். "கடைசியில 'பக்கத்தில்'னு போட்டிருக்க. 'எங்கெங்கும்'னும் போட்டிருக்கலாம். தளை சரியாத்தான் வரும். ஏன் பக்கத்தில்?"

"வேற எங்கன இருந்தேன்?" என்று கேட்டாள் பகவதி.

அவள் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். எப்போதும் நாலடி முன்னால் போகிற மனிதர், அன்றைக்கு அவள் நடைக்குத் தன் நடையைச் சரிசெய்யத் தெரியாமல் தடுமாறிக்கொண்டு கூடவே போனார்.